விண்ணகக் கதிரும் அதன் கணக்கும்

ஏற்றம் பெற்ற மின்காட்டியொன்றை எத்துணைக் கவனமாக மூடிவைப்பினும் அதன் ஏற்றம் மெல்ல மெல்லக் குறைந்துவிடும். பிரான்சிய அறிஞர் கூலோம் 1785 ஆம் ஆண்டிலேயே இதனைக் குறித்துள்ளார். 1896 ஆம் ஆண்டிற் பெக்கரெல் கதிர்த்தொழிற்பாட்டைக் கண்டறிந்தபின் இதற்கு எளிதான விடை கிடைத்தது. மண்ணிலும் பாறையிலுமுள்ள யுரேனியம், தோரியம் முதலியவற்றின் கதிர்கள் வளியை அயனாக்க, அவ்வயன்கள் மின்காட்டியின் ஏற்றத்தைப் போக்கிவிடுகின்றன என்றனர். விடை பிழையன்று, ஆயின் முழுமையானதுமன்று.

கதிர் மண்ணிலிருந்து மட்டுமே வருமாயின், ஏறத்தாழ எண்பது மீற்றர் உயரத்தில் அது பாதியாக வேண்டும். முந்நூறு மீற்றரிற் பத்தில் ஒரு பங்குதானும் எஞ்சுதல் கூடாது. யேசுசபைக் குருவாகிய தெயோடர் வுல்ப் 1910 ஆம் ஆண்டு தாம் ஆக்கிய மின்மானியைப் பாரிசு நகரின் ஐபெல் கோபுரத்து உச்சிக்குக் கொண்டு சென்றார். கன சதம மீற்றருக்குச் செக்கனொன்றில் நிலத்தில் ஆறு அயன்கள் உண்டாயின, உச்சியில் மூன்றரை. கணக்கு எதிர்பார்த்ததிலும் இது மிகப் பெரிது.

அடுத்த ஆண்டு இத்தாலியராகிய டொமெனிக்கோ பசினி நேர்மாறான வழியை மேற்கொண்டார். லிவோர்னோவை அடுத்த கடலில் மூன்று மீற்றர் ஆழத்திற் கருவியை அமிழ்த்தியபோது, அயனாக்கம் ஐந்தில் ஒரு பங்களவு குறைந்தது. நீர் மறைத்தது மேலிருந்து வந்த கதிரையே என்பது தெளிவு. பலூனும் கோபுரமும் இன்றி இத்துணை எளிய சோதனையால் இத்துணைப் பெரிய உண்மையைக் கண்டவரின் பெயர் பாடநூல்கள் பலவற்றிலும் இடம்பெறாமை வருந்தத்தக்கது.

விற்றர் எசு என்ற ஒசுத்திரிய அறிஞர் 1912 ஏப்பிரலிற் சூரிய கிரகணத்தின்போது பலூனிற் பறந்து, கதிர் குறையாமை கண்டு, சூரியன் அதற்கு முதன்மைக் காரணமன்று என உணர்ந்தார். அவ்வாண்டு ஓகத்து 7 ஆந் திகதி ஐதரசன் பலூனில் 5,300 மீற்றருக்கு மேல் உயர்ந்தார். அயனாக்கம் முதலிற் சிறிது குறைந்தது. பின்னர் ஏறிக்கொண்டே சென்று உச்சியில் நிலத்திலுள்ளதன் பன்மடங்காயிற்று. 1936 ஆம் ஆண்டு நோபெல் பரிசின் ஒரு பாதி அவருக்குக் கிடைத்தது. பசினி அதற்கு இரண்டாண்டு முன்னரே காலமாகிவிட்டார்.

கதிரின் இயல்பு பற்றியும் பிணக்கு எழுந்தது. அது ஒளியையொத்த அலையே என மில்லிக்கன் வாதித்தார். ஆயின் 1927 ஆம் ஆண்டில் யாவாவுக்கும் ஒல்லாந்துக்குமிடையே கப்பலிற் சென்ற யேக்கப் கிளே, மத்திய கோட்டை அணுக அணுகக் கதிர் குறைதலைக் கண்டார். புவிகாந்தம் திருப்பக்கூடியவை ஏற்றமுள்ள துணிக்கைகளேயன்றி ஒளியன்று. ஆதர் கொம்ப்ரன் 1932 ஆம் ஆண்டில் உலகின் பல பாகங்களிலும் நிகழ்த்துவித்த அளவீடுகள் இதனை உறுதிப்படுத்தின. புவிகாந்த மத்திய கோடு எமது தீவின் அண்மையிற் செல்வதால், இப்பகுதிக்கு வரும் துணிக்கைகளை அது மிகுதியாக விலக்கிவிடுகின்றது.

இன்று ஓரிடத்தின் இயற்கைக் கதிர்வீச்சைக் கணிப்போர் அவ்விடத்தின் உயரத்தையும் புவிகாந்த அகலக்கோட்டையும் முதலிற் கொள்கின்றனர். முன்னது எசுவின் பேறு, பின்னது கிளேயின் பேறு. சூரிய களங்கங்கள் பெருகுங்காலத்து விண்ணகக் கதிர் குறைதலையும் சேர்த்துக்கொள்வர். ஆண்டொன்றில் மனிதர் இயற்கையாகப் பெறும் சராசரி 2.4 மில்லிசீவேட்டில் ஏறக்குறைய 0.4 விண்ணிலிருந்து வருவது. கடன்மட்டத்தில் அது 0.3 அளவினது, பொலிவியாவின் மலைநகராகிய லா பாசில் அதனிலும் பன்மடங்கு.