ஏணியிலிருந்து விழுந்தவர்களா?

மருத்துவப் பட்டம் பெற்று வரும் இளைஞரிடம் நாம் கேட்கும் முதற் கேள்வி, "அடுத்து எந்தத் துறையில் மேற்படிப்பு?" என்பதே. "குடும்ப மருத்துவராகப் பணிபுரிவேன்" என்று அவர் விடையிறுத்தால், மேற்படிப்புக்கு இடம் கிடைக்கவில்லை போலும் என்று இரங்குகிறோம். இந்த எண்ணம் நமக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனிலும் இதற்கொரு வரலாறு உண்டு.

1958ஆம் ஆண்டு, மருத்துவர்களின் ஊதியத்தை ஆராய்ந்த அரச ஆணைக்குழுவின் முன் மோரன் பிரபு சாட்சியம் அளித்தார். அவர் போர்க்காலத்தில் சர்ச்சிலின் மருத்துவராக விளங்கியவர். மருத்துவமனை நிபுணரும் குடும்ப மருத்துவரும் நிகரானவர்களா என்று வினவியபோது, குடும்ப மருத்துவர்கள் ஏணியிலிருந்து விழுந்தவர்களே என்னும் பொருள்பட அவர் விடை கூறினார்.

அன்றைய நிலையும் அச்சொல்லுக்கு இடமளித்தது. தேசிய சுகாதாரச் சேவை 1948இல் தொடங்கியது. இரண்டே ஆண்டுகளில், தொழில் நகரங்களில் குடும்ப மருத்துவத்தின் அவலநிலையை ஜோசப் காலிங்ஸ் என்னும் ஆஸ்திரேலிய மருத்துவர் தம் அறிக்கையில் வெளிப்படுத்தினார். மாணவர்களோ மருத்துவமனைச் சுவர்களுக்குள் நிபுணர்களிடமே கற்றனர். கண்ணால் காணாத பணியை அவர்கள் எவ்வாறு விரும்புவர்?

ஆயினும், அப்பணியின் மேன்மையை உணர்த்திய சிலரும் இருந்தனர். வில்லியம் பிக்கிள்ஸ் என்பவர் யார்க்‌ஷயரின் மலைக் கிராமங்களில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு மருத்துவம் செய்தார். 1929இல் அங்கு மஞ்சள் காமாலை பரவியது. யார் யாரைச் சந்தித்தார், எந்நாளில் நோய் கண்டது என்று வீடுதோறும் கேட்டுக் குறித்து வைத்தார். நோய் தொற்றிய நாளுக்கும் வெளிப்படும் நாளுக்கும் உள்ள இடைவெளியை அதனால் கணிக்க முடிந்தது. ஊராரை முகமறிந்து பழகியவருக்கே கைகூடும் ஆய்வு அது! 1952இல் பொது மருத்துவர்களுக்கெனக் கல்லூரி அமைந்தபோது, அவரே அதன் முதல் தலைவரானார். 1963இல் எடின்பரோவில் உலகின் முதல் பொது மருத்துவப் பேராசிரியர் பதவி உருவாயிற்று. 1966இல் கட்டடத்துக்கும் உதவியாளருக்கும் அரசு நிதி அளிக்கும் ஏற்பாடு வந்தது.

வேல்ஸின் சுரங்க ஊரான கிளின்கோரக்கில் 1961இல் பணியேற்ற ஜூலியன் டியூடர் ஹார்ட், தம்மிடம் வராத மக்களையும் தேடி இரத்த அழுத்தம் அளந்தார். மருத்துவம் மிகுதியாகத் தேவைப்படும் இடத்திலேயே அது குறைவாகக் கிடைக்கிறது என்று 1971இல் எழுதினார். உள்நாட்டுப் பட்டதாரிகள் நாடாத அத்தகைய ஊர்களின் வெற்றிடத்தை நிரப்பியவர்களில், இந்தியத் துணைக்கண்டத்து மருத்துவர் பலர் என்பதை நாம் நினைவிற் கொள்ளல் தகும்.

மதிப்பும் பயிற்சியும் வசதியும் கூடவே, இளையோர் மனமும் மாறியது. 1983இல் பிரிட்டனில் பட்டம் பெற்றவர்களில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் பொது மருத்துவத்தையே விரும்பினர். ஆனால் 1996இல் பட்டம் பெற்றவர்களில் அவ்வாறு விரும்பியோர் ஐவரில் ஒருவரே. ஆக, இளையோரின் விருப்பம் இயல்பாக அமைவதன்று. ஆசிரியரும் அரசும் சமூகமும் சேர்ந்து உருவாக்குவது.

அந்தச் சமூகத்தில் நாமும் அடக்கம் அல்லவா? பாட்டியின் மூட்டுவலியையும் பேரனின் காய்ச்சலையும், அவ்வீட்டின் கடன் சுமையையும் ஒருங்கே அறிந்த மருத்துவர் எந்த ஏணியிலிருந்தும் விழுந்தவர் அல்லர். நம் இல்லத்து இளைஞர் ஒருவர் இப்பணியைத் தேர்ந்தால், அவருக்காக இரங்குவோமா, பெருமை கொள்வோமா?