பெயரிழந்த பேனா

எழுத்தாளனுக்கு அவன் பெயரே முதற்செல்வம். அதனை இழந்தும் எழுதியவர் டால்டன் ட்ரம்போ. 1939இல் போரின் கொடுமையைச் சாடும் நாவலை வெளியிட்ட அவர், ஹாலிவுட்டில் மிகுதியான ஊதியம் பெற்ற திரைக்கதை ஆசிரியர்களுள் ஒருவராகவும் விளங்கினார்.

1947இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் விசாரணைக் குழு, அவர் கம்யூனிஸ்டுக் கட்சியின் உறுப்பினரா என வினவியது. ஒருவரது அரசியல் கருத்தைத் துருவ அரசுக்கு உரிமையில்லை எனக் கருதி, அவரும் தோழர் ஒன்பதின்மரும் விடையளிக்க மறுத்தனர். படநிறுவனங்கள் அவர்களை விலக்கின. 1950இல் ட்ரம்போ சிறை புகுந்தார்.

ஆயினும், வெளியே விலக்கிய திரையுலகமே கொல்லைப்புறமாக அவர் எழுத்தை வாங்கியது. நண்பர் ஒருவரின் பெயரில் வெளிவந்த 'ரோமன் ஹாலிடே' 1954இலும், 'ராபர்ட் ரிச்' என்னும் புனைபெயரில் எழுதிய 'தி பிரேவ் ஒன்' 1957இலும் கதைக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றன. விருதை வாங்க ராபர்ட் ரிச் மேடையேறவில்லை.

1960இல் 'ஸ்பார்ட்டகஸ்', 'எக்ஸோடஸ்' ஆகிய படங்களில் அவர் பெயர் மீண்டும் திரையில் தோன்றியது. ஒரு விருது 1975இல் அவர் கைக்கு வந்தது. மற்றொன்று, அவர் மறைந்து பல்லாண்டுகள் கழிந்தபின், 1993இல் அவர்தம் துணைவியாரைச் சேர்ந்தது.

விருதுகள் திரும்பின, இழந்த ஆண்டுகள் திரும்பவில்லை. கருத்து வேறுபாட்டுக்காக ஒருவரை ஒதுக்க நாம் முனையும்போது, இதனை எண்ணிப் பார்ப்போமாக.