பானக் கொத்துப் பிடிகள்

பானம் நிறைந்த டப்பாக்களையோ புட்டிகளையோ நான்கு, ஆறு, எட்டு என்று ஒன்றுசேர்த்து, வாங்குபவர் ஒரு கையால் தூக்கிச் செல்லும்படி பிணைத்துவைக்கும் சாதனம் கொத்துப் பிடி எனப்படும். அட்டை, பிளாஸ்டிக், பசை என அதன் பொருள் காலந்தோறும் மாறிவந்துள்ளது. ஆயினும் அந்த மாற்றங்களை வரிசையாக நோக்கினால், பிடியின் வடிவத்தை நிர்ணயித்தது வாங்குபவரின் விருப்பத்தைக் காட்டிலும் அதை டப்பாவின் தலையில் ஏற்றும் யந்திரத்தின் வேகமே என்பது புலனாகும்.

அமெரிக்காவில் கோக்ககோலா நிறுவனம் 1923-இல் ஆறு புட்டிகள் கொள்ளும் அட்டைப் பெட்டியை அறிமுகப்படுத்தியது. கடை வாசலில் நின்று குடிக்கும் பானத்தை இல்லத்துக்குக் கொண்டுசெல்லும் பழக்கத்தை வளர்ப்பதே அதன் நோக்கம். காலிப் புட்டிகளைத் திருப்பித் தரவும் அப்பெட்டியே உதவியது. 1935 ஜனவரி 24-இல் க்ரூகர் நிறுவனம் வர்ஜினியா மாநிலத்து ரிச்மண்ட் நகரில் பீரைத் தகர டப்பாவில் அடைத்து விற்கத் தொடங்கிய பின்னர் நிலைமை மாறியது. டப்பா திரும்பிவர வேண்டியதில்லை. ஆகவே அதைச் சுமக்கும் பிடியும் வீடுவரை தாங்கினால் போதும் என்றாயிற்று. மலிவும் இலேசும் பிரதான குணங்களாயின.

இத்தேவைக்கு முழுமையான விடையாக வந்ததே பிளாஸ்டிக் வளையப் பிடி. இல்லினாய் டூல் வொர்க்ஸ் நிறுவனத்தைச் சார்ந்த ஜூல்ஸ் பூபிச் என்பவரின் கண்டுபிடிப்பாகிய இது, 1960-களில் அந்நிறுவனத்தின் ஹைகோன் பிரிவின் மூலம் பரவியது. அடர்த்தி குறைந்த பாலிஎதிலீன் தகட்டில் டப்பாவின் சுற்றளவைவிடச் சிறிய துளைகளை வரிசையாக வெட்டி, அந்த நாடாவைப் பெருஞ்சுருளாகச் சுற்றி அனுப்பினார்கள். ஆலையில் சுழலும் உருளை ஒன்றின்மீது ஜோடி ஜோடியாக அமைந்த தாடைகள் ஒவ்வொரு வளையத்தையும் அகல விரிக்க, கீழே ஓடிவரும் டப்பாக்களின்மேல் அது அழுத்தப்பட்டு, தாடைகள் விலகிய கணமே சுருங்கி விளிம்பின்கீழ் இறுகிக்கொள்ளும். அதன்பின் ஒரு கத்தி ஆறு ஆறாகத் துண்டிக்கும். இங்கே எடுத்துவைக்கும் வேலையோ, மடிக்கும் வேலையோ, பசை உலரும் தாமதமோ இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நிமிடத்துக்கு 2,000 டப்பாக்களுக்கு மேல் வெளியிடும் பிற்கால நிரப்பு யந்திரங்களின் யுகத்திலும் இம்முறை நிலைத்து நின்றதற்கு, பொருளும் யந்திரமும் ஒன்றுக்காக ஒன்று பிறந்ததே காரணம் எனலாம்.

ஆனால் தூக்கி எறியப்பட்ட வளையங்கள் நீர்நிலைகளையும் சமுத்திரத்தையும் அடைந்து, பறவைகள், ஆமைகள், கடல்நாய்கள் முதலியவற்றின் கழுத்தையும் உடலையும் இறுக்கிய கொடுமை, 1970-களில் பொதுமக்களின் மனத்தை உலுக்கிற்று. அமெரிக்க மாநிலங்கள் சில, சிதைவுறக்கூடிய வளையங்களையே அனுமதிக்கும் சட்டங்களை இயற்றின. 1988-இல் மத்திய சட்டமும், 1994-இல் அதற்கான சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் விதிகளும் வந்தன. எதிலீனுடன் சிறிது கார்பன் மோனாக்சைடைச் சேர்த்துச் செய்த பிளாஸ்டிக், சூரிய ஒளிபட்டு நொறுங்கும் இயல்புடையது. இந்தத் தீர்வு அரைகுறையானது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. பிராணியின் கழுத்தை அது விடுவித்தது மெய். எனினும் நொறுங்கிய துணுக்குகள் பிளாஸ்டிக்காகவே எஞ்சின. சிதைவதற்கென்றே செய்த பொருளோ மீண்டும் உபயோகிப்பதற்கு ஏற்ற கச்சாப் பொருள் ஆகாது.

மறுசுழற்சி செய்யத்தக்க பிடி என்னும் லட்சியம் இவ்விடத்தில்தான் யந்திரத்தோடு மோதியது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து யூஜீன் நகரைச் சேர்ந்த பாக்டெக் நிறுவனம், பால் புட்டிகளுக்கு உபயோகிக்கும் அடர்த்தி மிக்க பாலிஎதிலீனை மீட்டெடுத்து வார்த்த கெட்டியான பிடிகளைச் சிறு பீர் ஆலைகளிடையே பிரபலமாக்கியது. கெட்டிப் பிடி நாடாவைப்போல் சுருளாக ஓடிவராது. தனித்தனியே வார்க்கப்பட்டு, ஒன்றினுள் ஒன்று அடங்கிய அடுக்காக வரும். அடுக்கிலிருந்து ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து, டப்பாக்களின் இடைவெளியோடு இம்மியும் பிசகாமல் இணைத்து, எல்லா விளிம்புகளும் ஒருசேரக் கவ்வும்வரை அழுத்த வேண்டும். இரண்டு பிடிகள் ஒட்டிக்கொண்டு வந்தாலோ, ஒரு டப்பா பின்தங்கினாலோ வரிசை முழுவதும் நிற்கும். சிறு ஆலைகளில் இதைக் கையாலேயே பொருத்திவிடலாம். பேராலைகளுக்கோ டப்பாவும் பிடியும் ஒரே கதியில் ஓடிவந்து, ஓட்டம் நிற்காமலே சந்திக்கும் தானியங்கி யந்திரங்கள் இன்றியமையாதவை.

அட்டைக்கு வேறொரு சங்கடம் உண்டு. குளிர்ந்த டப்பாவின்மீது வியர்க்கும் நீரில் சாதாரண அட்டை ஊறிப்போகும். ஊறாதிருக்கப் பிசின் கலந்தாலோ, அதை மீண்டும் கூழாக்குவது கடினமாகும். இத்தடைகளுக்கிடையிலும், அட்லாண்டாவின் கிராஃபிக் பேக்கேஜிங் நிறுவனம் டப்பாக்களின் தலையை மட்டும் கவ்வும் கீல்கிளிப் என்னும் அட்டைப் பிடியை உருவாக்கிற்று. கோக்ககோலாவின் ஐரோப்பியப் பங்காளியான கோக்ககோலா எச்.பி.சி., அயர்லாந்திலும் போலந்திலும் தொடங்கி, சூட்டில் சுருங்கி இறுகும் பிளாஸ்டிக் உறைக்குப் பதிலாக அதை ஏற்றது. அத்தகைய உறையே இல்லாமற் செய்ய முயன்ற கார்ல்ஸ்பர்க் நிறுவனம், ஜெர்மனியின் கே.எச்.எஸ். நிறுவன யந்திரங்களைக் கொண்டு, டப்பாக்களைப் பசைப் புள்ளிகளால் ஒட்டும் முறையை 2018 செப்டம்பரில் வெளியிட்டு, கொத்துகளுக்கான பிளாஸ்டிக்கில் 76 விழுக்காடுவரை மிச்சமாகும் என்று கணித்தது. குளிரிலும் குலுக்கலிலும் விடாமல் பற்றி, மனிதக் கை திருகியதும் விட்டுவிடும் பசையைக் கண்டுபிடித்ததே அம்முறையின் சாதனையாகும்.

பிடியைப் பொருத்தும் யந்திரம் ஒருபுறமிருக்க, குப்பையிலிருந்து அதைப் பிரிக்கும் யந்திரமும் உண்டு என்பதைப் பலர் நினைப்பதில்லை. சிறியதும் இலேசானதுமான பிடி சல்லடைகளின் வழியே நழுவிவிடும். கார்பன் கரி சேர்த்துக் கறுப்பாக்கிய பிளாஸ்டிக்கை அகச்சிவப்புக் கதிர்க் கருவியால் இனங்காண இயலாது. ஆதலால், மறுசுழற்சிக்கு ஏற்ற பொருளால் செய்தது என்பதனாலேயே ஒரு பிடி மறுசுழற்சி அடைந்துவிடும் என்று கொள்வது தவறு.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2025-ஆம் ஆண்டுப் பொதிவு ஒழுங்குமுறை, ஒன்றுக்கு மேற்பட்ட டப்பாக்களை வாங்கத் தூண்டும்பொருட்டு விற்பனையிடத்தில் அவற்றைக் கொத்தாகப் பிணைக்கும் ஒருமுறைப் பிளாஸ்டிக்கை 2030 ஜனவரி முதல் தடை செய்கிறது. சரக்கைக் கையாள்வதற்கு அவசியமான பிணைப்புகளுக்கு இத்தடை பொருந்தாது.