14,497 என்ற எண்ணை எப்படிப் படிப்பது? அமெரிக்க நினைவு வெள்ளி டாலர்களின் சேகரிப்பு மதிப்பு குறித்து

1982க்குப் பின் வெளியான அமெரிக்க நினைவு நாணயங்களின் சேகரிப்பு மதிப்பை விற்பனை எண்ணிக்கையே தீர்மானிக்கிறது என்ற கருத்து நாணயவியலில் வேரூன்றிவிட்டது. அதற்குத் தவறாமல் காட்டப்படும் சான்று, 1996 அட்லாண்டா ஒலிம்பிக் வரிசையின் பாராலிம்பிக் வெள்ளி டாலர். அதன் யூஎன்சி (புழக்கத்துக்கு விடப்படாத சாதாரண அச்சு) வகையில் விற்றவை 14,497; ப்ரூஃப் (மெருகூட்டிய சிறப்பு அச்சு) வகையில் 84,280. உருவமும் வெள்ளியும் ஒன்றாயிருந்தும், யூஎன்சியே பல மடங்கு விலைபோகிறது. சான்றில் பிழையில்லை. அதைப் படித்த விதத்தில்தான் பிழை.

14,497 என்பதைச் சந்தை வரத்து அளவாகவே முந்தைய ஆய்வுகள் கொண்டன. ஆனால் அந்த வெளியீடு, சட்டம் அனுமதித்த உச்சவரம்பை நெருங்கவே இல்லை. கேட்டவர் அனைவருக்கும் கிடைத்த பிறகு நின்ற எண் அது. எனவே அது தேவையின் அளவு. அதுவும் வற்றிப்போன தேவையின் அளவு. 1995, 1996 இரண்டாண்டில் ஒரே ஒலிம்பிக்குக்காக எட்டு வெள்ளி டாலர்கள், ஒவ்வொன்றும் இரு வகைகளில் வந்தன. வாங்கியவர்கள் சலித்ததில் வியப்பில்லை. அதே ஆண்டின் டென்னிஸ் (15,983), உயரந்தாண்டல் (15,697), படகுப்போட்டி (16,258) யூஎன்சி டாலர்களும் இதே அளவில் நின்றது, பாராலிம்பிக் நாணயத்துக்கென்று தனி அருமை எதுவும் இல்லை என்பதையே காட்டுகிறது. இன்று இவற்றுக்குக் கூடுதல் விலை தருபவர்கள், என் கணிப்பில், பெரும்பாலும் வரிசையை நிறைவு செய்ய முனைபவர்கள். அவர்கள் குறைந்தால் விலையும் சரியும்.

2001இன் எருமை டாலரை இதனருகில் வைத்துப் பார்க்க வேண்டும். 1913ஆம் ஆண்டு ஐந்து சென்ட் காசுக்கு ஜேம்ஸ் ஏர்ல் ஃப்ரேசர் வரைந்த உருவங்களைத் தாங்கிய இந்த நாணயம், யூஎன்சி 2,27,131, ப்ரூஃப் 2,72,869 என மொத்தம் 5,00,000 விற்றது. அது சட்டம் விதித்த வரம்பேதான். சில வாரங்களிலேயே தீர்ந்துவிட்டது. எண்ணிக்கை வாய்பாட்டின்படி இது வெள்ளி விலையை ஒட்டியே கிடந்திருக்க வேண்டும். அப்படிக் கிடக்கவில்லை. இங்கே எண் தேவையை அளக்கவில்லை, அதை இடையில் வெட்டியிருக்கிறது. வெளியே நின்றவர்கள் இரண்டாம் சந்தைக்குப் போனார்கள். நினைவு நாணயம் எதையும் சேர்க்காதவர்கூட ஃப்ரேசரின் எருமைக்காக இதை வாங்குகிறார். பட்டியல்களில் ஒரே பத்தியில் அச்சாகும் இவ்விரு எண்களும் ஒரே வகை அளவைகள் அல்ல.

வரம்பைத் தொட்ட வெளியீடெல்லாம் விலையேறும் என்று இதிலிருந்து முடிவு செய்யக் கூடாது. 2014இல் வளைந்த பரப்போடு வந்த பேஸ்பால் வெள்ளி டாலரும் தன் 4,00,000 வரம்பை எட்டித் தீர்ந்தது. ஆனால் எருமை டாலரின் நிலையை அது அடையவில்லை. வெட்டுப்பட்ட தேவையில் மறுவிற்பனைக்காக வாங்கியவர்கள் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது விலையேற்றம். மறுமுனையில், 71 லட்சத்துக்கு மேல் விற்ற 1986 சுதந்திர தேவி டாலர் வெள்ளி விலையை ஒட்டியே நிற்பதால், அந்த எல்லையில் பழைய வாய்பாடு செல்லும் என்பதை ஏற்கலாம். வெள்ளி விலையே வேறுபாட்டுக்குக் காரணம் என்ற மறுப்பு நிற்காது: பேசப்பட்ட எல்லாமே 26.73 கிராம், 90 விழுக்காடு வெள்ளி. தரச்சான்றுப் புள்ளிகள் தனித்தனி நாணயங்களின் விலையை விளக்கும், வெளியீடுகளுக்கு இடையிலான வேறுபாட்டை அல்ல. விற்பனை எண்ணுக்குப் பக்கத்தில் சட்ட வரம்பையும் அச்சிடாத விலைப்பட்டியலை மதிப்பாய்வுக்குச் சான்றாகக் கொள்வதற்கில்லை.