பன்னாட்டு வளர்ச்சியும் தலைமைத்துவமும்: ஒரு முதுநிலைப் படிப்பின் வரலாறு

வறுமை, கல்வி, உடல்நலம், வேளாண்மை, ஆட்சிமுறை ஆகியவற்றை நாடுகளுக்கிடையிலான ஏற்றத்தாழ்வோடு சேர்த்து ஆராயும் துறை பன்னாட்டு வளர்ச்சி எனப்படுகிறது. இதனுடன் தலைமைத்துவத்தையும் இணைத்துக் கற்பிக்கும் முதுநிலைப் படிப்புகள் இன்று பல பல்கலைக்கழகங்களில் உள்ளன. இத்துறையின் வரலாறு முழுவதும் ஒரு கேள்வி தொடர்ந்து வருகிறது: ஒரு மக்களின் வளர்ச்சிக்குத் தலைமை தாங்க வேண்டியவர் யார்?

காலனி ஆட்சியில் வேர்கள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின், பிரிட்டன் தன் காலனி நாடுகளுக்கு அனுப்பிய அதிகாரிகளுக்கு ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், லண்டன் பல்கலைக்கழகங்களில் பயிற்சி அளித்தது. இவை டெவன்ஷயர் படிப்புகள் எனப்பட்டன. ஆளப்படும் மக்களைப் பற்றி ஆள்பவர் கற்றார். தலைமை யாருடையது என்பதில் அங்கே ஐயம் இருக்கவில்லை.

1949 சனவரி 20 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஹாரி ட்ரூமன் தம் பதவியேற்பு உரையின் நான்காவது அம்சமாக, பின்தங்கிய நாடுகளுக்குத் தொழில்நுட்ப உதவி வழங்கும் திட்டத்தை அறிவித்தார். அதன் பின் ‘வளர்ச்சி’ என்பது உலக அரசியலின் முதன்மைச் சொற்களுள் ஒன்றானது.

புதிய நாடுகள், புதிய மாணவர்கள்

காலனி நாடுகள் விடுதலை பெற்றபோது வகுப்பறையும் மாறியது. வெளிநாட்டுக்குப் போகும் அதிகாரியின் இடத்தில், புதிய நாடுகளின் சொந்த அதிகாரிகள் வந்து அமர்ந்தனர். நெதர்லாந்துப் பல்கலைக்கழகங்கள் இணைந்து 1952இல் ஹேக் நகரில் சமூகவியல் கல்வி நிறுவனத்தைத் தொடங்கின. மான்செஸ்டர் பல்கலைக்கழகம் 1958இல் அயல்நாட்டு நிருவாகத்துக்கெனத் தனித்துறை அமைத்தது. 1966இல் சசெக்ஸில் வளர்ச்சி ஆய்வு நிறுவனம் தோன்றியது.

சசெக்ஸ் நிறுவனத்தின் முதல் இயக்குநர் பொருளியலாளர் டட்லி சியர்ஸ். தேசிய வருமானம் உயர்வதே வளர்ச்சி என்ற கருத்தை அவர் 1969இல் கேள்விக்குட்படுத்தினார். வறுமை குறைந்ததா, வேலையின்மை குறைந்ததா, ஏற்றத்தாழ்வு குறைந்ததா என்று பார்க்க வேண்டும் என்றார். இந்த மூன்றும் மோசமாகும்போது, தனிநபர் வருமானம் இரட்டிப்பானாலும் அதை வளர்ச்சி என அழைக்க முடியாது என்பது அவர் வாதம்.

வேறொரு மரபு

கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் தலைமைத்துவப் பயிற்சி அடித்தட்டிலிருந்து தொடங்கியது. 1928இல் புனித பிரான்சிஸ் சேவியர் பல்கலைக்கழகத்தில் உருவான விரிவாக்கத் துறை, மோசஸ் கோடி அடிகளாரின் தலைமையில் மீனவர், சுரங்கத் தொழிலாளர், உழவர் ஆகியோரைப் படிப்பு வட்டங்களாகத் திரட்டியது. அவ்வட்டங்களிலிருந்து கூட்டுறவுச் சங்கங்களும் கடன் சங்கங்களும் பிறந்தன. அவர் பெயரில் 1959இல் அமைந்த கோடி நிறுவனம், பல நாடுகளின் சமூகத் தலைவர்களுக்குப் பயிற்சி அளித்துவருகிறது.

வட ஆர்க்காடும் ராபர்ட் சேம்பர்ஸும்

கென்யாவில் காலனி ஆட்சியின் மாவட்ட அதிகாரியாக இருந்த ராபர்ட் சேம்பர்ஸ், பின்னர் சசெக்ஸ் நிறுவன ஆய்வாளரானார். 1970களில் பி. எச். ஃபார்மர் தலைமையில் தமிழ்நாட்டின் வட ஆர்க்காடு மாவட்டத்திலும் இலங்கையின் தென்கிழக்கிலும் பசுமைப் புரட்சியின் விளைவுகளை ஆராய்ந்த குழுவில் அவரும் இடம்பெற்றார்.

1983இல் வெளிவந்த அவரது நூல், கடைசியில் இருப்பவரை முதலில் வைக்க வேண்டும் என வாதிட்டது. வெளியிலிருந்து வரும் வல்லுநர் சாலையோர ஊர்களையே பார்க்கிறார், மழைக்காலத்தைத் தவிர்க்கிறார், பெண்களை விட ஆண்களிடமே அதிகம் பேசுகிறார். எனவே மிக ஏழ்மையானவர் அவர் கண்ணில் படுவதில்லை என்று சேம்பர்ஸ் விளக்கினார். 1980களின் இறுதியில் இந்தியாவிலும் கென்யாவிலும் பங்கேற்பு முறை ஆய்வு வளர்ந்தது. ஊர்மக்களே தம் ஊரின் வரைபடத்தைத் தரையில் வரைந்தனர்; வல்லுநர் குச்சியை அவர்களிடம் கொடுத்துவிட்டுக் கேட்பவரானார்.

இன்றைய நிலை

பங்கேற்பு முறைகள் இன்று இப்படிப்புகளில் வழக்கமான பாடம். ஆனால் புகழ்பெற்ற நிறுவனங்கள் பலவும் உதவி வழங்கும் நாடுகளிலேயே உள்ளன. ஆய்வுக்குரிய ஊர்களோ பெரும்பாலும் பிற நாடுகளில் உள்ளன. எனவே இதைப் படிக்க விரும்பும் மாணவர், ஒரு படிப்பின் தரவரிசையோடு அதன் பாடத்திட்டத்தையும் பார்ப்பது நல்லது. கட்டளையிடும் தலைமையை அது கற்பிக்கிறதா, காதுகொடுக்கும் தலைமையைக் கற்பிக்கிறதா என்பதில்தான் இத்துறையின் பழைய கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது.