ஜாம்பேசியின் பாதுகாப்புக் கயாக்கர்கள்

ஆப்பிரிக்காவின் ஜாம்பேசி ஆற்றில் பயணிகளை ஏற்றிச் செல்லும் ரப்பர் படகுகளுக்குக் காவலாக, கயாக் என்னும் ஓராள் சிறுபடகில் கூடவே செல்லும் உள்ளூர் மீட்பாளர்கள் பாதுகாப்புக் கயாக்கர்கள் எனப்படுகிறார்கள். படகு கவிழ்ந்தால், அடித்துச் செல்லப்படுபவரை முதலில் எட்டும் கை பெரும்பாலும் இவர்களுடையதுதான். வடகரையில் ஜாம்பியாவின் லிவிங்ஸ்டன், தென்கரையில் ஜிம்பாப்வேயின் விக்டோரியா ஃபால்ஸ் ஆகிய ஊர்கள் இத்தொழிலின் மையங்கள்.

ஜாம்பேசியின் நீளம் 2,500 கி.மீ.க்கும் மேல். சுமார் 1,700 மீட்டர் அகலத்தில், 108 மீட்டர் உயரத்திலிருந்து விக்டோரியா அருவியாக விழும் ஆறு, அதன்பின் படோகா என்னும் குறுகிய பசால்ட் பாறைப் பள்ளத்தாக்குக்குள் நெருக்கப்படுகிறது. அங்கேதான் நீர் சீறிப் பாயும் இடங்களான பாய்ச்சல்கள் தொடங்குகின்றன. 1981இல் சோபெக் என்ற அமெரிக்கப் பயணக் குழுவினர் இப்பகுதியில் முதன்முதலாகப் படகில் இறங்கினார்கள். பாய்ச்சல்களுக்கு 1 முதல் 25 வரை எண்கள் உண்டு. ‘சலவை இயந்திரம்’, ‘மூன்று அவலட்சணச் சகோதரிகள்’ என்ற பொருளில் ஆங்கிலப் பெயர்களும் உண்டு. ஒன்பதாவது பாய்ச்சலின் பெயர் ‘வணிகத் தற்கொலை’. குறைநீர்க் காலத்தில் பயணிகளை அங்கே படகில் விடுவதில்லை. கரையோரப் பாறைகள் மீது நடத்தியே கூட்டிச் செல்கிறார்கள்.

கயாக்கரின் வேலை படகு கவிழ்வதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. அவர் முதலில் பாய்ச்சலைக் கடந்து, பாறை மறைவில் நீர் மேல்நோக்கித் திரும்பும் எதிரோட்டத்தில் ஒதுங்கி நிற்பார். துடுப்பைச் செங்குத்தாக நிமிர்த்தினால் படகு வரலாம். தலைக்கு மேல் கிடையாகப் பிடித்தால் நிற்க வேண்டும். நீரில் விழுந்தவர் உச்சந்தலையைக் கையால் தட்டிக் காட்டினால் நலமாக இருக்கிறார் என்று பொருள். ஆற்றின் இரைச்சலில் குரல் எடுபடாததால், பேச்சு முழுவதும் கையாலும் துடுப்பாலும் விசிலாலும்தான்.

படகு கவிழும்போது பலர் ஒரே சமயத்தில் பல திசைகளில் சிதறுவார்கள். யாரை முதலில் எடுப்பது என்பதைக் கயாக்கர் நொடிப்பொழுதில் முடிவு செய்தாக வேண்டும். படகுக்கு அருகில் இருப்பவர்களைப் படகை ஓட்டும் வழிகாட்டி இழுத்துக்கொள்வார். தொலைவில் போகிறவரும் பதறுகிறவரும் கயாக்கரின் பொறுப்பு. கயாக்கின் முனையில் உள்ள கைப்பிடியைப் பற்றிக்கொள்ள வேண்டும், மேலே ஏறவோ கயாக்கரைப் பிடிக்கவோ கூடாது, காலை உதைத்துக்கொண்டே வர வேண்டும் என்று புறப்படும் முன்பே பயணிகளுக்குச் சொல்லியிருப்பார்கள். அச்சத்தில் அதை மறந்து ஒருவர் கயாக்கைக் கவிழ்த்துவிடலாம். அப்போது தலைகீழாக நீருக்குள் இருந்தபடியே இடுப்பைச் சுழற்றி, துடுப்பை வீசி நிமிரத் தெரியாதவருக்கு இந்த வேலை இல்லை.

ஆற்றின் அமைப்பும் ஓரளவு துணைசெய்கிறது. நீர் ஆழமானது, ஓடைகளைப் போலப் பாறைகள் வழியெங்கும் துருத்திக்கொண்டிருப்பதில்லை. பெரும்பாலான பாய்ச்சல்களுக்குக் கீழே அமைதியான மடு ஒன்று காத்திருக்கும். அந்த மடுவுக்குள்தான் மீட்பு முடிகிறது.

ஆனால் ஆண்டு முழுவதும் ஆறு ஒரே ஆறாக இருப்பதில்லை. ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை நீர் குறைந்து அலைகள் செங்குத்தாக எழும். வெள்ளக் காலத்தில் மேற்பகுதிப் பாய்ச்சல்கள் மூழ்கி, பெரும் சுழிகள் தோன்றும். அப்போது பயணம் கீழிருந்தே தொடங்கும். உச்ச வெள்ளத்தில் படகுகளே இறங்குவதில்லை. ஒவ்வொரு நீர்மட்டத்திலும் எந்தச் சுழி எப்போது வாய் திறக்கும் என்பதைக் கயாக்கர் உடலால் அறிந்திருக்கிறார். வெளிநாட்டிலிருந்து வரும் தேர்ந்த கயாக்கருக்குக்கூட இந்த அறிவு ஒரே பருவத்தில் கைவராது.

பள்ளத்தாக்கின் செங்குத்தான பாதையில் படகுகளையும் துடுப்புகளையும் தோளில் சுமந்தேற்றும் கூலியாட்களாக இத்தொழிலுக்குள் வந்தவர்கள் பலர். சுமை தூக்கிய அதே ஆற்றிலேயே கயாக் கற்று, பிறகு படகு வழிகாட்டியாக உயர்ந்தவர்களும் உண்டு. டோங்கா மக்கள் போற்றும் ஆற்றுத் தெய்வமான, மீன் தலையும் பாம்பு உடலும் கொண்ட நியாமிநியாமியின் சிற்றுருவைக் கழுத்தில் அணிந்தபடி நீரில் இறங்குபவர்களைக் காணலாம்.

ஜாம்பியாவும் ஜிம்பாப்வேயும் படோகாவில் 2,400 மெகாவாட் நீர்மின் திட்டத்துக்காக 181 மீட்டர் உயர அணை கட்டத் திட்டமிட்டுள்ளன. அது எழுந்தால் பாய்ச்சல்களில் பெரும்பகுதி தேங்கிய நீருக்குள் போய்விடும். உகாண்டாவின் ஜின்ஜா நகரை அடுத்த வெள்ளை நைலில் இது ஏற்கெனவே நடந்தது. 2012இல் புஜகாலி அணையும் 2019இல் இசிம்பா அணையும் இயங்கத் தொடங்கியபின், அங்குள்ள கயாக்கர்கள் எஞ்சிய பாய்ச்சல்களை நம்பியே தொழில் செய்கிறார்கள்.