மூன்று வருடக் கெடுவும் தக்காணக் கலவரமும்

புரோநோட்டுக்கு ஆயுள் மூன்று வருடம். தமிழ்நாட்டில் கடன் கொடுத்தவர், வாங்கியவர் இருவருக்குமே இது தெரியும். கெடு முடிவதற்குள் ஏதோ ஒரு தொகையை வரவு வைத்து, நோட்டின் பின்பக்கம் கையெழுத்து வாங்கிவிட்டால் மறுபடியும் மூன்று வருடம்! இந்தக் கெடு கடன் வாங்கியவரைக் காப்பாற்றத்தான் வந்தது என்று தோன்றும். ஆனால் பம்பாய் மாகாணத்தில் நடந்தது வேறு.

1859-ல் ஆங்கில அரசு ஒரு காலவரையறைச் சட்டம் கொண்டுவந்தது. பதிவு செய்யாத கடன் பத்திரம் என்றால் மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். தவறினால் கோர்ட் ஏற்காது. வட்டி வருடக்கணக்கில் குட்டி போடாமல் தடுக்கலாம் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான்.

புனே, அகமத்நகர் பக்கத்து சாவ்கார்கள் (வட்டிக்கடைக்காரர்கள்) அதையே தங்களுக்குச் சாதகமாக்கிக்கொண்டார்கள். கெடு நெருங்கும்போது விவசாயியைக் கூப்பிட்டுப் புதுப் பத்திரம் எழுத வைப்பார்கள். பழைய அசலும் வட்டியும் சேர்ந்து புதுப் பத்திரத்தில் 'அசல்' ஆகிவிடும். விவசாயிக்குப் படிக்கத் தெரியாது. மறுத்தால் வழக்கு, அடுத்த கடனும் கிடைக்காது.

ஒரு கணக்கு பாருங்கள். 100 ரூபாய் கடன், வருடத்துக்கு 24 சதவீத வட்டி. 12 வருடத்தில் தனிவட்டியோடு 388 ரூபாய். மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றி எழுதினால் 875! வட்டி அசலைத் தாண்டக்கூடாது என்ற பழைய 'தாம்துபட்' வழக்கப்படி பார்த்தால் 200-க்கு மேல் போகவே கூடாது. வட்டியே அசலாகிவிட்டதால் அந்த வேலியும் போயிற்று. 100 ரூபாய்க்கு 2,000 ரூபாய்க்கு மேல் வட்டி கேட்ட வழக்கைப் பின்னால் விசாரணைக் குழுவே கண்டுபிடித்தது.

1865-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்ததும் பருத்தி விலை சரிந்தது, நிலவரியோ கூடியது. 1875 மே 12-ம் தேதி புனே மாவட்டத்தின் சூபா கிராமத்தில் விவசாயிகள் திரண்டு சாவ்கார்களின் கணக்குப் புத்தகங்களைக் கேட்டார்கள். கிடைத்த பத்திரங்களைக் கொளுத்தினார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களில் இதே கதை. கொலைகள் குறைவு. குறி காகிதத்தின் மேல்தான்.

1879-ல் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் வந்தது. வேடிக்கை என்னவென்றால், அது கெடுவைக் குறைக்கவில்லை, நீட்டியது! பதிவு செய்த பத்திரத்துக்கு 12 வருடம், மற்றவற்றுக்கு 6. கடன் கொடுத்தவருக்குக் கூடுதல் அவகாசம் தந்தால், அடிக்கடி மாற்றி எழுத வைக்கும் சாக்கு போகும் என்று கணக்கு. அதோடு, பத்திரத்தில் உள்ள தொகையை அப்படியே நம்பாமல், கடனின் கணக்கை ஆரம்பத்திலிருந்து ஆராயும் அதிகாரமும் கோர்ட்டுக்குக் கிடைத்தது. உண்மையில் வேலை செய்யக்கூடிய பகுதி இதுதான். வெறும் வருட எண்ணிக்கையை மாற்றியிருந்தால் சாவ்கார் இன்னொரு வழி பார்த்திருப்பார்.

இங்கிலாந்தில் ஒப்பந்த வழக்குகளுக்குக் கெடு ஆறு வருடம். விஷயம் தெரியவந்த நாளிலிருந்து மூன்று வருடம் என்று மாற்றலாம் என 2001-ல் அங்குள்ள சட்ட ஆணையம் சொன்னது. 2009-ல் அரசு அதைக் கைவிட்டது. இந்தியாவில் 1963-ம் வருடச் சட்டப்படி இன்றும் மூன்று வருடம்தான். ஆனால் கெடு தாண்டிய கடனையும் 'தருகிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 25-வது பிரிவு அதற்கு மறுபடி உயிர் கொடுத்துவிடும்.